பன்னிரண்டு பேரும் ஐம்பது சட்டங்களும்

கோடு கச்சேரி ஏறாத குடும்பம் என்று ஊரில் சொல்வார்கள். அது பெரிய நற்சான்று. சம்பந்தம் பேசப் போகும் இடத்திலும் அதைத்தான் முதலில் எடுத்து வைப்பார்கள். அப்படிக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு நீதிமன்ற முத்திரையோடு ஒரு கடிதம் வந்தால் வயிறு கலங்கத்தான் செய்யும். ஆனால் இந்த அமெரிக்க நாட்டில் ஒரு குற்றமும் செய்யாதவருக்கும் அந்தக் கடிதம் வரும். ஏன் வருகிறது, வந்தால் என்ன செய்வது, அதன் பின்னால் இருக்கும் ஏற்பாடு எப்படி ஓடுகிறது என்பதைப் புதிதாக வந்திருக்கும் எம்மவருக்காக எழுதுகிறோம்.

நாங்கள் சட்டத்தரணிகள் அல்ல. ஸ்ரற்றன் ஐலண்டிலிருந்து பாலம் தாண்டி நியூ ஜேர்சியில் ஒரு பிளாஸ்ரிக் பக்ரறிக்கு ஒரே வானில் வேலைக்குப் போகும் ஐந்து பேர். எல்லோரும் முப்பதுகளில், ஓர் அண்ணையைத் தவிர. வன்னியில் பத்தாம் வகுப்போடு எங்களுக்குப் பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. சட்டம் என்று நாங்கள் அறிந்ததெல்லாம் பிரஜாவுரிமைச் சோதனைக்குப் படித்ததும், நூலகத்தில் கேட்டறிந்ததும், எங்களுக்குள் இருவர் பட்டறிந்ததும்தான்.

எங்கள் வானில் வரும் அக்காவுக்குச் சென்ற ஆண்டு அந்தக் கடிதம் வந்தது. "என்ர பேரில ஆரோ வழக்குப் போட்டிட்டினம்" என்று அன்று முழுக்க அவர் சாப்பிடவில்லை. வாசித்துப் பார்த்தால் அது ஜூரி சேவைக்கான படிவம். நியூயோர்க் மாநிலத்தில் ஜூரிமாரின் பெயர்களை வாக்காளர் பட்டியலிலிருந்து மட்டும் எடுப்பதில்லை. வரி கட்டுவோர், சாரதி அனுமதிப்பத்திரம் வைத்திருப்போர், வேலையில்லாதோர் உதவியோ குடும்ப நலன் உதவியோ பெறுவோர் ஆகிய பட்டியல்களிலிருந்தும் எடுக்கிறார்கள். அந்தப் பட்டியல்களுக்கு யார் பிரஜை, யார் அகதி என்று தெரியாது. ஆகவே கிறீன் கார்ட் காரருக்கும், தஞ்ச வழக்கு முடியாதவருக்கும்கூட அது வந்து சேரும்.

ஜூரியாக இருக்கப் பிரஜையாக இருக்க வேண்டும். படிவத்தில் அந்தக் கேள்வி இருக்கும். பிரஜை அல்லாதவர் "இல்லை" என்று உண்மையாகக் குறித்து, கையெழுத்திட்டு, சொன்ன திகதிக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். குப்பையில் போடக் கூடாது. இன்னொன்று மிக முக்கியம்: அரசாங்கம் கூப்பிடுகிறது, மறுத்தால் மரியாதையில்லை என்று நினைத்து "ஆம்" என்று குறித்துவிடக் கூடாது. பிரஜை அல்லாதவர் தன்னைப் பிரஜை என்று சொல்வது 1996ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தின்படி மிகப் பாரதூரமான விஷயம். நாடு கடத்தவும், இனி எந்த விசாவுக்கும் வழியில்லாமல் அடைக்கவும் அது ஒன்றே போதும். அக்கா "இல்லை" என்று குறித்து, கிறீன் கார்ட் பிரதியையும் வைத்து அனுப்பினார். அனுப்பியதன் பிரதி ஒன்று இன்றும் அவரது அலுமாரியில் இருக்கிறது.

எங்களில் அநேகர் இந்த நாட்டில் முதலில் கண்ட நீதிமன்றம் குடிவரவு நீதிமன்றம். அங்கே ஒரு நீதிபதி, எதிரே அரசின் சட்டத்தரணி, நடுவில் நாங்கள். ஜூரி என்று ஒருவரும் இல்லை. காசில்லாவிட்டால் அரசு சட்டத்தரணி தராது. அந்த நீதிபதியும் நீதித் திணைக்களத்தின் கீழ் வேலை செய்பவரே. அதைக் கண்ட கண்ணோடுதான் இந்நாட்டு நீதிமன்றம் எல்லாம் அப்படித்தான் என்று நாங்கள் முடிவு கட்டிவிடுகிறோம். அது சரியல்ல. குற்றவியல் நீதிமன்றம் வேறு. அங்கே பாரதூரமான குற்றம் சாட்டப்பட்ட எவருக்கும் ஜூரி விசாரணை கேட்கும் உரிமை உண்டு. பிரஜை என்று அதற்குக் கட்டுப்பாடு இல்லை. ஜூரிக் கதிரையில் இருக்கத்தான் பிரஜாவுரிமை வேண்டும். அந்தக் கதிரைகளுக்கு முன்னால் நின்று நியாயம் கேட்க அது தேவையில்லை.

இனிச் சட்டம் எத்தனை என்ற கதை. சமஷ்டி, சமஷ்டி என்று 1949இல் தமிழரசுக் கட்சி தொடங்கிய காலம் முதல் கேட்டுக் கேட்டே எங்கள் அப்பு ஆச்சிமாருக்கு வயது போனது. அது நடைமுறையில் எப்படியிருக்கும் என்று நாங்கள் கண்டது கோதல்ஸ் பாலத்தில். பாலத்தின் ஒரு தலைப்பு நியூயோர்க், மறுதலைப்பு நியூ ஜேர்சி. காலையில் பாலம் இறங்கியதும் பெற்றோல் அடிக்க நாங்கள் வானை விட்டு இறங்க முடியாது. நியூ ஜேர்சியில் 1949 முதல் வாடிக்கையாளர் தானே பெற்றோல் அடிக்கத் தடை. இந்தப் பக்கம் நாங்களே அடிக்க வேண்டும். அங்கே சிவப்பு வெளிச்சத்தில் நின்று பார்த்து வலது பக்கம் திரும்பலாம், வேண்டாம் என்று பலகை இல்லாவிட்டால். நியூயோர்க் நகருக்குள் திரும்பலாம் என்று பலகை இருந்தால்தான் திரும்பலாம். வானோட்டும் தம்பிக்கு முதல் மாதமே தண்டப் பணம் கட்டிய கதை உண்டு. ஆகக் குறைந்த சம்பளமும் அப்படித்தான். 2025இல் நியூயோர்க் நகரில் மணிக்கு 16.50 டொலர், நியூ ஜேர்சியில் பெரும்பாலான வேலைத்தளங்களில் 15.49. பக்கத்து பென்சில்வேனியாவில் 2009இல் சமஷ்டி அரசு வைத்த 7.25தான். நியூ ஜேர்சி 2007இல் மரண தண்டனையை நீக்கிவிட்டது. ஆற்றுக்கு அப்பால் பென்சில்வேனியாச் சட்டத்தில் அது இன்னும் இருக்கிறது.

நீதிமன்றங்களின் பெயர்களே ஆளைக் குழப்பும். நியூயோர்க்கில் "சுப்ரீம் கோர்ட்" என்றால் ஆக உயர்ந்த நீதிமன்றம் அல்ல. வழக்கு முதலில் விசாரிக்கப்படும் நீதிமன்றம் அது. அந்த மாநிலத்தின் ஆக உயர்ந்த நீதிமன்றத்துக்குப் பெயர் "கோர்ட் ஒஃப் அப்பீல்ஸ்". நியூ ஜேர்சியில் சுப்ரீம் கோர்ட் என்றால் உச்ச நீதிமன்றமேதான். வாடகைப் பிரச்சினை, விவாகரத்து, வாகன விபத்து, அடிதடி, களவு, கொலை என்று மனிசருக்குள் வரும் அநேகமான வழக்குகள் மாநிலத்துக்கு உரியவை. குடிவரவு, சமஷ்டி வரி, மாநில எல்லை தாண்டிய குற்றங்கள் போன்றவை சமஷ்டி அரசுக்கு உரியவை.

வழக்கின் தலைப்பைப் பார்த்தாலே யார் வழக்காளி என்று தெரியும். "நியூயோர்க் மாநில மக்கள் எதிர் இன்னார்" என்று இருக்கும், அல்லது "நியூ ஜேர்சி மாநிலம் எதிர் இன்னார்". இது எங்கள் ஆட்கள் பலருக்குப் பிடிபடாத விஷயம். கணவன் அடித்துவிட்டான், அயலவர் பொலிசைக் கூப்பிட்டுவிட்டார். மறுநாள் மனைவி போய் "நான் மன்னித்துவிட்டேன், வழக்கை எடுங்கோ" என்றால் வழக்கு நிற்காது. வழக்குப் போட்டவர் மனைவி அல்ல, மாநிலம். நியூ ஜேர்சியில் உடம்பில் காயத்தின் அடையாளம் இருந்தால் பொலிசார் கைது செய்தே ஆக வேண்டும் என்பது சட்டம். அதில் குற்றவாளியாகக் காணப்பட்டால் மாநிலம் சிறிய தண்டனை கொடுத்தாலும் சமஷ்டிக் குடிவரவுச் சட்டம் நாடு கடத்தலாம். இதைச் சொல்லும்போது "அப்ப பொலிசைக் கூப்பிடாமல் இருக்க வேணும்" என்று எங்கள் ஆண்கள் சிலர் பாடம் படிக்கிறார்கள். அடிக்காமல் இருப்பதுதான் சுலபமான வழி என்பது எங்கள் அக்காவின் அபிப்பிராயம். எங்களதும் அதுவே.

கஞ்சாவும் இப்படியானதொரு பொறி. நியூயோர்க்கிலும் நியூ ஜேர்சியிலும் 2021 முதல் வளர்ந்தவர்களுக்கு அது சட்டப்படி. கடை திறந்து, மிட்டாய் போலவும் விற்கிறார்கள். ஆனால் சமஷ்டிச் சட்டத்தில் அந்த அனுமதி இல்லை. மாநிலத்தில் சட்டப்படி செய்ததுகூட பிரஜாவுரிமை விண்ணப்பத்தில் நன்னடத்தைக்குத் தடையாகலாம் என்று குடிவரவுச் சேவை 2019இல் எழுத்திலேயே அறிவித்தது. வேலைத்தளத்தில் வெள்ளைக்காரப் பொடியன் சாப்பிடுகிறான் என்று நாங்களும் சாப்பிட முடியாது. அவனுக்கு ஒரு சட்டம். எங்கள் தலைக்கு மேல் இரண்டு.

ஜூரிக்கு வருவோம். எங்கள் வானில் மூத்தவரான அண்ணை பிரஜாவுரிமை எடுத்தவர். 2023இல் அவருக்கு அழைப்பு வந்து, ஒரு கடை உடைத்த வழக்கில் ஜூரியாக இருந்தார். வழக்கு முடியும் வரை எங்களுக்கு ஒரு சொல் சொல்லவில்லை; சொல்லக் கூடாது என்று நீதிபதி கட்டளை. வானில் அரை மணித்தியாலம் சும்மா இருப்பது அவருக்குப் பெரும்பாடு. முடிந்த பிறகு சொன்னதையே இங்கே தருகிறோம்.

முதல் நாள் பெரிய மண்டபத்தில் நிறையச் சனம். பெயரைக் குலுக்கி எடுத்துக் கூப்பிடுகிறார்கள். பிறகு நீதிபதியும் இரண்டு பக்கச் சட்டத்தரணிகளும் ஒவ்வொருவரையும் கேள்வி கேட்கிறார்கள். என்ன வேலை, வீட்டில் யார், உங்கள் வீட்டில் எப்போதாவது களவு போனதா என்றெல்லாம். ஒரு பக்கத்துக்குப் பிடிக்காத ஆட்களில் சிலரைக் காரணம் சொல்லாமலே விலக்கலாம். ஆனால் நிறத்துக்காகவோ, ஆண் பெண் என்பதற்காகவோ விலக்கக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1986இலும் 1994இலும் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

அண்ணையிடம் ஒரு கேள்வி வந்தது. "பொலிஸ்காரர் சாட்சி சொன்னால், அவர் பொலிஸ் என்பதற்காக மற்றவர்களைவிடக் கூடுதலாக நம்புவீர்களா?" அண்ணை கொஞ்சம் யோசித்து, "நான் வந்த நாட்டில் பொலிசைக் கண்டால் நாங்கள் மதில் பாய்ந்து ஓடுவோம்" என்று சொல்லியிருக்கிறார். சனம் சிரித்தது. நீதிபதி சிரிக்கவில்லை. "அப்படியானால் குறைவாக நம்புவீர்களா? மற்றச் சாட்சியைப் போல இவரையும் கேட்டு முடிவு செய்ய உங்களால் முடியுமா?" என்று கேட்டார். அண்ணை "முடியும்" என்றார். பத்தொன்பது வயதில் வவுனியாவில் ஒரு பொலிஸ் நிலையத்தில் நான்கு நாள் இருந்தவர் அவர். அன்று அவரிடம் யாரும் எதையும் கேட்டு முடிவு செய்யவில்லை. இங்கே ஏழாம் கதிரையில் இருத்தினார்கள்.

பன்னிரண்டு பேர். பஸ் ஓட்டும் ஒரு பெண், ஓய்வுபெற்ற ஆசிரியை, மீன் கடைக்காரர், கல்லூரி மாணவன், இப்படி. சட்டம் படித்தவர் ஒருவரும் இல்லை. சட்டம் என்ன என்பதை நீதிபதி சொல்லுவார். நடந்தது என்ன என்பதை ஜூரிமார் முடிவு செய்வார்கள். இந்தப் பங்கீட்டை விளங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் விளங்கும். குற்றம் சாட்டப்பட்டவர் வாய் திறக்கவே தேவையில்லை. திறக்காததை அவருக்கு எதிராக எடுக்கவும் கூடாது. நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியது அரசு. காசு, நட்டஈடு சம்பந்தமான சிவில் வழக்கில் அவ்வளவு தேவையில்லை, எந்தப் பக்கம் தராசு கொஞ்சம் சாய்கிறதோ அது போதும். ஓ. ஜே. சிம்சன் 1995இல் கொலை வழக்கில் விடுதலையாகி, அதே மரணங்களுக்காக 1997இல் சிவில் வழக்கில் 33.5 மில்லியன் டொலர் கட்ட வேண்டியவர் ஆனது இதனால்தான்.

அண்ணையின் வழக்கில் இரண்டு குற்றச்சாட்டு. கடையை உடைத்தது ஒன்று, களவெடுத்த பொருளை வைத்திருந்தது மற்றது. பொருள் அந்த மனிதனின் காரில் இருந்தது. உடைத்ததைக் கண்டவர் இல்லை. கமராவில் தொப்பி போட்ட ஓர் உருவம் மட்டும். அறைக்குள் போனதும் ஒன்பது பேர் இரண்டுக்கும் குற்றவாளி என்றார்கள். அண்ணையும், பஸ் ஓட்டும் பெண்ணும், அந்த மாணவனும் முதலாவதுக்கு இல்லை என்றார்கள். ஒன்றரை நாள் பேசினார்கள். ஒருவர் மேசையில் அடித்தார். மீன் கடைக்காரர் தன் கடையை நாளைக்குத் திறக்க வேண்டும் என்று அவசரப்பட்டார். கமராப் படத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்த்தார்கள். அண்ணை சொன்னது இவ்வளவுதான்: "தொப்பி எனக்கும் இருக்கு." கடைசியில் உடைத்ததற்கு விடுதலை, பொருள் வைத்திருந்ததற்குக் குற்றவாளி என்று பன்னிரண்டு பேரும் ஒன்றாக வந்தார்கள். பிறகு திறந்த மன்றில் ஒவ்வொருவராகப் பார்த்து "இது உமது தீர்ப்பா?" என்று கேட்டார்கள். அந்த மனிதனின் முகத்தைப் பார்த்துக்கொண்டு "ஆம்" என்றது இன்னும் தன் நித்திரையில் வருகிறது என்கிறார். அதற்கு 2023இல் நாளுக்கு 40 டொலர் கொடுத்தார்கள். ஜூரிக்குப் போனதற்காக வேலையால் நிறுத்தக் கூடாது என்று சட்டம் இருப்பதால் பக்ரறியில் முணுமுணுத்தார்கள், வேறொன்றும் செய்யவில்லை.

பன்னிரண்டு என்பதும் எல்லா இடமும் ஒன்றல்ல. புளோரிடாவில் மரண தண்டனை இல்லாத குற்ற வழக்குகளுக்கு ஆறு பேர் போதும். 1970இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. ஐந்து பேர் போதாது என்று 1978இல் சொன்னது. எல்லோரும் ஒத்துவர வேண்டும் என்பதும் அண்மைக்காலம் வரை எல்லா மாநிலத்திலும் இருக்கவில்லை. லூசியானாவில் 1898இல் ஒரு தந்திரம் செய்தார்கள். கறுப்பினத்தவரை ஜூரியிலிருந்து முற்றாக நீக்க முடியாது என்றானபோது, ஒருவர் இருவர் வந்தாலும் அவர்களின் வாக்குச் செல்லாமல் போக, முழுப்பேரின் சம்மதம் தேவையில்லை என்று வைத்தார்கள். ஒரிகனும் 1934இல் பத்துப் பேர் போதும் என்றது. கடைசியில் 2020இல்தான் உச்ச நீதிமன்றம் பாரதூரமான குற்றத்துக்கு எல்லா மாநிலத்திலும் ஏகமனதாக வேண்டும் என்று தீர்த்தது. அண்ணையின் வழக்கில் முதல் வாக்கு ஒன்பதுக்கு மூன்று என்பதை நினைத்துப் பாருங்கள். முழுப்பேரும் வேண்டும் என்றபடியால்தான் அந்த மூன்று பேர் சொன்னதை மற்றவர்கள் இருந்து கேட்டார்கள்.

"ஜூரி எண்டால் எங்களுக்குத் தெரியாதோ" என்று பெரியவர்கள் சிலர் கசப்போடு கேட்பதுண்டு. அதில் நியாயம் இருக்கிறது. இலங்கையிலும் வெள்ளைக்காரன் விட்டுப்போன ஜூரி முறை உண்டு. ஏழு பேர், ஐந்துக்கு இரண்டு போதும், எந்த மொழி பேசும் ஜூரி வேண்டும் என்று குற்றம் சாட்டப்பட்டவர் தெரிவு செய்யலாம். 1996இல் குமாரபுரத்தில் இருபதுக்கும் மேற்பட்ட தமிழர் கொல்லப்பட்ட வழக்கில் ஆறு இராணுவத்தினரை 2016 யூலையில் அநுராதபுரத்தில் ஜூரி விடுவித்தது. 2006இல் கொழும்பில் சுடப்பட்ட நடராஜா ரவிராஜின் வழக்கில் அதே 2016 டிசம்பரில் சிங்களம் பேசும் ஜூரி ஐந்து பேரை விடுவித்தது. எங்கள் பொடியளுக்கோ ஜூரியே இல்லை. 1979ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் நீதிபதி தனியே இருந்து விசாரிப்பார், பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலமும் சாட்சியமாகும்.

இந்த நாடும் அதில் சளைத்ததல்ல. 1955இல் மிசிசிப்பியில் எம்மெற் ரில் என்ற பதினான்கு வயதுக் கறுப்பினப் பிள்ளையைக் கொன்றவர்களைப் பன்னிரண்டு வெள்ளை ஆண்கள் ஒரு மணித்தியாலம் சொச்சத்தில் விடுவித்தார்கள். அடுத்த ஆண்டே அந்த இருவரும் தாங்கள்தான் கொன்றோம் என்று ஒரு சஞ்சிகைக்குக் காசு வாங்கிக்கொண்டு சொன்னார்கள். ஒருமுறை ஜூரி விடுவித்தால் அதே அரசு மறுபடி வழக்குப் போட முடியாது. ஆனால் "அதே அரசு" என்பதில் ஒரு கதவு இருக்கிறது. 1991இல் லொஸ் ஏஞ்சல்சில் றொட்னி கிங்கைப் பொலிசார் அடித்ததை ஊரே வீடியோவில் பார்த்தது. 1992 ஏப்ரல் 29 அன்று கலிபோர்னியா மாநில ஜூரி அந்த நால்வரில் ஒருவரையும் குற்றவாளியாகக் காணவில்லை. நகரம் எரிந்தது, ஐம்பதுக்கு மேற்பட்டோர் செத்தார்கள். பிறகு சமஷ்டி அரசு தன் சட்டத்தின் கீழ் தனி வழக்குப் போட்டது. 1993இல் வேறொரு ஜூரி அவர்களில் இருவரைக் குற்றவாளி என்றது. ஊரில் ஒரு கதவு மூடினால் மூடினதுதான். இங்கே இரண்டு கதவு. ஆனால் அந்த இரண்டாவது கதவு எங்களுக்கு எதிராகவும் திறக்கும்.

இப்போது சொல்லவந்த முக்கியமான விஷயம். படத்தில் காட்டுவதுபோல வழக்கெல்லாம் ஜூரி முன் போவதில்லை. குற்றத் தீர்ப்புகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் பேரத்தில் முடிகின்றன. அரச சட்டத்தரணி ஒரு பேச்சு வைப்பார்: குற்றத்தை ஒப்புக்கொள், மறியல் இல்லை, கண்காணிப்பு மட்டும், இன்றே வீட்டுக்குப் போகலாம். விசாரணைக்குப் போய்த் தோற்றால் தண்டனை கூடும் என்பதும் உண்மை. நாளை காலை வேலை முறை தவறினால் சம்பளம் போய்விடும் என்று நினைக்கும் எங்களைப் போன்றவருக்கு அது தெய்வம் கொடுத்த வரம் போலத் தோன்றும்.

கென்ரக்கியில் லொறி ஓட்டிய ஹொசே பாடிலாவுக்கும் அப்படித்தான் தோன்றியது. ஹொண்டுராஸ் நாட்டவர், நாற்பது வருடத்துக்கு மேல் கிறீன் கார்ட், வியட்நாம் போரில் அமெரிக்கப் படையில் இருந்தவர். லொறியில் கஞ்சா பிடிபட்டது. இவ்வளவு காலம் இருந்தவரை ஒன்றும் செய்யமாட்டார்கள் என்று அவரது சட்டத்தரணி சொன்னதை நம்பிக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். நாடு கடத்தல் வந்து நின்றது. 2010இல் உச்ச நீதிமன்றம் அவர் வழக்கில் சொன்ன தீர்ப்புத்தான் இன்று எங்கள் எல்லோருக்கும் குடை: பிரஜை அல்லாத கட்சிக்காரருக்கு, ஒப்புக்கொண்டால் குடிவரவில் என்ன ஆபத்து என்று சொல்வது சட்டத்தரணியின் கடமை.

எங்கள் வானோட்டும் தம்பிக்கு முதுகு நோ. பெட்டி தூக்கித் தூக்கி வந்தது. கூட வேலை செய்த ஒருவர், வைத்தியர் தனக்கு எழுதிக் கொடுத்த குளிசையில் ஆறு எடுத்து ஒரு பையில் போட்டுக் கொடுத்தார். அது ஒக்ஸிகொடோன் என்ற கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. இரவு வேலை முடிந்து வரும்போது நியூ ஜேர்சிப் பக்கத்தில் பொலிசார் மறித்தார்கள், பை அகப்பட்டது. எழுதிக் கொடுத்த மருந்துச் சீட்டு இல்லாமல் அதை வைத்திருப்பது அந்த மாநிலத்தில் ஐந்து வருடம் வரை போகக்கூடிய குற்றம். முதல் பேச்சு: ஒப்புக்கொண்டால் கண்காணிப்பு மட்டும். தம்பி கையெழுத்துக்குத் தயார். அவருக்கு அரசு கொடுத்த இலவச சட்டத்தரணி ஒரு பெண். பெரிய வேலைப்பளுவோடு இருந்தவர். ஆனாலும் கிறீன் கார்ட் என்று கேட்டதும் பேனையை வாங்கி வைத்துவிட்டார். போதைப்பொருள் குற்றத் தீர்ப்பு ஒன்று இருந்தால் போதும், நாடு கடத்தலாம். நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டு, பிறகு மாநிலம் வழக்கைத் தள்ளுபடி செய்தாலும் குடிவரவுச் சட்டம் அதைத் தீர்ப்பாகவே எண்ணும்.

"ஜூரி விசாரணைக்குத் தயார்" என்று அவர் அரச தரப்புக்கு அறிவித்தார். குளிசை கொடுத்தவர் வந்து சாட்சி சொல்வதாக இருந்தது. ஜூரிக் கதிரையில் இருக்கப்போகும் பன்னிரண்டு பேரில் எத்தனை பேர் வீட்டு அலுமாரியில் அதே மருந்து இருக்கும் என்று அரச தரப்பும் யோசித்திருக்க வேண்டும். ஏழு மாதம் இழுபட்டது. ஆறு நாள் சம்பளம் போனது. கடைசியில், குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே ஒரு கண்காணிப்புத் திட்டத்தில் சேர்ந்து, அதை முடித்தால் வழக்குத் தள்ளுபடி என்று ஒத்துக்கொண்டார்கள். முடித்துவிட்டார். ஜூரிமாரின் முகத்தைத் தம்பி காணவேயில்லை.

சிறிய குற்றங்களில் இந்த வழி எல்லா இடமும் கிடையாது. ஆறு மாதத்துக்கு மேற்படாத மறியல் உள்ள குற்றங்களை நியூ ஜேர்சியில் நகர நீதிமன்றத்தில் நீதிபதி தனியே விசாரிப்பார். நியூயோர்க்கின் உயர் நீதிமன்றமோ 2018இல் ஒரு முக்கியமான தீர்ப்புச் சொன்னது: மறியல் ஆறு மாதத்துக்குக் குறைவானாலும், நாடு கடத்தலுக்கு வழிவிடும் குற்றமானால் பிரஜை அல்லாதவர் ஜூரி கேட்கலாம். நாடு கடத்தல் சிறிய தண்டனை அல்ல என்று ஒரு நீதிமன்றம் எழுதி வைத்திருக்கிறது. ஆனால் அந்தத் தீர்ப்பு நியூயோர்க் நீதிமன்றங்களைத்தான் கட்டும், பாலம் தாண்டாது.

ஆகவே எந்த மாநிலத்தில் நின்றாலும், எதிலும் கையெழுத்துப் போட முன் சட்டத்தரணியிடம் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: "இதை ஒப்புக்கொண்டால் என் குடிவரவு நிலைக்கு என்ன நடக்கும்?" தெரியாது என்றால், தெரிந்தவரிடம் கேட்டு வரத் தவணை எடுக்கச் சொல்லுங்கள். ஆங்கிலம் கொஞ்சம் விளங்கும் என்று தலையாட்ட வேண்டாம். மொழிபெயர்ப்பாளரை நீதிமன்றமே தரும், காசில்லை. கேட்கும்போது இலங்கைத் தமிழ் என்று சொல்லிக் கேளுங்கள். தம்பிக்கு முதல் தவணையில் தொலைபேசியில் வந்தவர் நல்ல மனிதர், தமிழ்நாட்டுக்காரர். "பிணை எவ்வளவு?" என்று தம்பி கேட்க, அவருக்கு ஜாமீன் என்றால்தான் விளங்கும் போலிருக்கிறது, பிணம் என்று கேட்டு ஆள் பதறிப்போனார். 2017 முதல் நியூ ஜேர்சியில் காசுப் பிணை அநேகமாக இல்லை என்ற பதில் தம்பிக்குக் கிடைக்கப் பத்து நிமிடம் சென்றது.